முப்பதாம் நாள் போன்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை முப்பதாம் நாள் போனில் கூப்பிட்டு, புண் ஆறிவிட்டதா என்று கேட்டு எழுதுவது என் வேலை. எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்ற கணக்கு மாதாமாதம் ஆபரேஷன் தியேட்டர் வாசல் பலகையில் ஏறும். ஆஸ்பத்திரியின் தரத்தை அளக்க வருகிற குழு முதலில் நின்று பார்ப்பது அதைத்தான். சில மாதங்களாக அதில் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அப்படிப் போன ஒரு பெண்ணுக்குப் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பம். கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். நானும் அந்த ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள்தான் என்று தெரிந்ததும், வார்டில் இருந்த நாளெல்லாம் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

கேஸ் ஷீட்டில் இருந்தது புருஷன் நம்பர். முப்பதாம் நாள் கூப்பிட்டேன். "நல்லாத்தான் கீது சிஸ்டர்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது. அவர் அந்தப் பக்கம் திரும்பி "இன்னா?" என்றார். நான் "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, ரெஜிஸ்டரில் 'ஆறியது' என்று எழுதினேன். வேலை தலைக்கு மேல் கிடந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். அந்தக் குரல் நல்ல சேதி சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. அடுத்த வாரம் குழு வருவதாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். புண் பிரிந்து, சீழ் வைத்து, வேறு ஆஸ்பத்திரியில் திரும்பத் தையல் போட்டிருக்கிறார்கள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நீங்க போன் பண்ணசொல்ல நான் பக்கத்துலதான் குந்தி வலையில நண்டு கழட்டிகினு இருந்தேன். ஜுரமா கீதுனு சொல்லுய்யான்னேன். அதுக்குள்ள கட்டாயிடுச்சு."

சிக்னல் போயிருக்கும் என்று அவளே எனக்காகச் சாக்கும் சொன்னாள். நல்லதாக இரண்டு நண்டு பொறுக்கி என் பையில் கூடுதலாகப் போட்டாள். அதையும் வாங்கிக்கொண்டேன். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

மறுநாள் ரெஜிஸ்டரில் எழுதியதை அடித்துத் திருத்தினேன். பலகையில் அந்த மாதத்துப் பூஜ்ஜியத்தை அழித்து ஒன்று போட்டேன். மனசு கொஞ்சம் லேசானது போலக்கூட இருந்தது. அந்த வழியாக வந்த பெரிய டாக்டர் பலகையைப் பார்த்து நின்றார். எப்படி விட்டுப்போனது என்று கேட்டார்.

"நான் போன்ல கேட்டேன் டாக்டர். அவங்க சொல்லலை."

யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் சலித்துக்கொண்டார். இந்தக் குப்பத்து ஜனமே இப்படித்தான், கேட்டால் எதையும் சொல்லாது என்றார்.

நானும் அந்த ஜனம்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.