விரலருக்கு எவ்வளவு பலம்

சிவகாசியில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்துக்கு ஒரு முறை வெளியூரிலிருந்து ஆங்கிலப் புத்தக ஆர்டர் ஒன்று வந்தது. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. தீபாவளி முடிந்து, காலண்டர் சீசனில் மிஷின்கள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு ஃபாரம் என்றால் ஒரே தாளில் பதினாறு பக்கம், அதில் மூன்றாவது ஃபாரம்தான் முதலில் தயாரானது. அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் ஓட்டி முடித்ததும், புத்தகமே வேண்டாம் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புரூஃப் பார்க்கிறவளிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? தப்பு வந்தால் மட்டும்தான் நான் அங்கே இருப்பது ஞாபகத்துக்கு வரும். கழித்துப் போட்ட தாள் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அது ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறிக்கொள்வார்கள். நடுவர் ஒருவர் கதையைச் சொல்லச் சொல்ல, இவர்கள் அதற்குள் நடந்து போவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடை கையில். எனக்குக் கிடைத்தது முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டாம் பக்கம் வரை. அதில் இருந்ததெல்லாம் ஒரே விஷயம்: விளையாடுகிறவர்கள் எந்தெந்த இனத்தில் பிறக்கலாம், ஒவ்வோர் இனத்துக்கும் என்ன பலம், என்ன குறை. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்று ஒரு வரி கிடையாது. நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நின்றது. பாதியில் நிற்கிற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. அம்மா விருதுநகரில் டீச்சராக இருந்து, ஓய்வு பெற்ற வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் சென்னையில். மாதத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அச்சகத்தில் பேச்சு. பொய்யில்லை. தாளில் தப்பைத் திருத்துகிற கை, ஆட்களையும் திருத்தப் போய்விடும். என்னிடம் திருத்தம் வாங்கியவர்கள் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். தெரிந்தும் என் வாய் நிற்காது. வேலை முடிந்து மாடி வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. அந்தப் பதினாறு பக்கம் அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை ஆனது.

இல்லாத விதிகளை நானே எழுதினேன். காலண்டர் வேஸ்ட் ஷீட்டின் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டேன். காய்களுக்கு சோடா மூடி. இருபது முகம் உள்ள பகடை வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. அதற்கு நான் எங்கே போவேன்? அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் அலமாரியில் கிடந்தன, அவற்றை எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்த இனங்களில் நாலை மட்டும் எடுத்து என் வசதிக்குப் பெயர் வைத்தேன். குன்றர்: பலசாலிகள், நடை மெதுவு. நெட்டையர்: தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்ப்பவர்கள். நெருப்பர்: ஊதினால் தீ வரும். விரலர்: விரல் உயரமே உள்ளவர்கள், பக்கத்துக் கட்டத்தில் ஆள் நின்றால் ஆளுக்கு ஒன்று வீதம் அவர்களுக்குப் பலம் கூடும்.

எல்லாரும் சேர்ந்து கோட்டைக்குப் போய் ஒரு மணியை எடுத்து வரவேண்டும். வழியில் ஒரு பாலம், அதைத் தாண்டினால் பூதங்கள். கட்டையில் விழுவதோடு தன் பலத்தைக் கூட்டி ஏழோ அதற்கு மேலோ வந்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் செத்தோம். மணியை முதலில் தொடுகிறவர்தான் ராஜா. இதுவும் நான் வைத்த விதிதான்.

இதில் கஷ்டமே நாலையும் சமன் செய்வதுதான். ஒரே வகை எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றதை யார் எடுப்பார்கள்? பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவர்களிடம் கேட்டால் இது தெரியும். ஒரு பெட்டியில் வெறும் கம்பி மத்தாப்பும் இன்னொன்றில் வெறும் அணுகுண்டும் வைத்தால் வாங்கினவன் சும்மா விடமாட்டான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மனசு நிறைய வேண்டும். அதனால் நாலு பேராகவும் நானே விளையாடிப் பார்த்தேன். குன்றருக்குக் கட்டைக்குரல், நெட்டையருக்கு இழுத்துப் பேசும் குரல், நெருப்பருக்கு என் சொந்தக் குரல், விரலருக்குக் கீச்சுக்குரல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தமாகத்தான் பேசினேன். சிமெண்ட் தரையில் கட்டையை உருட்டி, நாலு குரலில் சண்டை போட்டு, சமாதானமும் செய்துகொள்வேன்.

விரலர்தான் தொந்தரவு கொடுத்தார்கள். சொந்த பலம் நாலு என்று வைத்திருந்தேன். எத்தனை ஆட்டம் ஆடினாலும் கடைசியில் உயிரோடு நிற்பது அவர்களே. மூன்றாகக் குறைத்தேன். அப்புறமும் நின்றார்கள். இரண்டாக்கினேன். ஒன்றுக்கு இறக்கிய பிறகுதான் நாலு வகையும் ஏறக்குறையச் சமமாக வந்தன. ஒரு பெரிய புத்தகத்தைப் பிழையில்லாமல் முடித்த திருப்தி எனக்கு.

இதற்கிடையே, ஜனவரியில், கீழ் வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தாள். நாசரேத் பக்கம் ஊர். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. இருபத்தாறு வயது, தனியாள், ஊரில் ஒருவரையும் தெரியாது. வந்த மூன்றாம் நாளே தண்ணீர் மோட்டாரை நிறுத்தாமல் டூட்டிக்குப் போய்விட்டாள், தொட்டி வழிந்து படியெல்லாம் ஈரம். திரும்பி வந்ததும் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றவள், "அக்கா, நீங்க எங்க ஹெட் நர்ஸ் மாதிரியே ஏசுதீக" என்று சிரித்துவிட்டாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. என் ஏச்சை வாங்கிக்கொண்டு சிரித்த ஒரே ஆள் அவள்தான். இவளை விட்டுவிடக் கூடாது, எப்படியாவது சிநேகம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன்.

நினைத்ததோடு சரி. சும்மா போய் உட்கார்ந்து பேசுகிற வித்தை எனக்கு வராது. கூப்பிட ஒரு காரணம் வேண்டும், விளையாட்டுதான் அந்தக் காரணம் என்று முடிவு செய்தேன். அதிலும் ஒரு குறை இருக்கக் கூடாது, அவளுக்குப் பிடித்துப்போய் வாராவாரம் வரவேண்டும். அதனால் முழுசாகத் தயாரானதும் கூப்பிடலாம் என்று தள்ளிப் போட்டேன். பிப்ரவரி போனது, மார்ச் போனது. நான் மேலே உட்கார்ந்து விரலரின் பலத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு, எல்லாரையும் வரச்சொன்னேன். எங்கள் அச்சகத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அவர் மனைவி, கீழ் வீட்டு நர்ஸ். முறுக்கும் காபியும் வைத்து, ஜமுக்காளம் விரித்து, "நீங்க எந்த இனம்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மூன்று பேர் முகமும் செத்துப்போனது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தாளோடு வீட்டுக்குள்ளேயே கிடந்த எனக்குத் தோன்றவே இல்லை. ஆபரேட்டர் மெதுவாகக் கையைப் பிசைய ஆரம்பித்துவிட்டார். அடடா, அது இல்லை, விளையாட்டுக்கு, சோடா மூடிக்கு என்று பதறி, இனம் என்ற சொல்லையே விட்டு, வகை என்று மாற்றிக்கொண்டேன். பிறகுதான் சிரித்தார்கள்.

நெருப்பரை யாரும் தொடவில்லை. ஆபரேட்டரின் மனைவி, விளையாட்டுக்குக்கூட அது வேண்டாம் என்றாள். அவள் அப்பா விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். அவள் நெட்டையரை எடுத்தாள், ஆபரேட்டர் குன்றர். நர்ஸ் விரலரை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஆள் நின்றால் பலம் கூடும் என்று நான் வாசித்ததும் முகம் மலர்ந்து, இது நல்லாயிருக்கே, இது எனக்கு என்றாள்.

நான் நடுவர், எனக்குக் காய் கிடையாது. மூன்று பேரும் கிளம்பினார்கள். ஆபரேட்டருக்கு ராஜாவாக ஆசை. நெட்டையர் வழி பார்த்துச் சொல்ல, புருஷனும் பெண்சாதியும் ஒரே ஓட்டமாக முன்னே போனார்கள். பாலத்தைத் தாண்டியதும் முதல் பூதம் விரலரைப் பிடித்தது. பக்கத்துக் கட்டங்கள் காலி. யாராவது பக்கத்தில் வந்து நில்லுங்களேன் என்று நர்ஸ் விளையாட்டாகக் கேட்டாள். ஆபரேட்டர் ஒரு கட்டம் பின்னால் வந்தால் போதும். அவருக்குக் கண் மணிமேல். அவள் கட்டையை உருட்டினாள், மூன்று விழுந்தது. மூன்றும் ஒன்றும் நாலு. செத்துப்போனாள்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆபரேட்டருக்கே பாவமாகி, "இன்னொருக்கா போடட்டுமேக்கா" என்றார். நான் கேட்டேனா? விதி என்றால் விதிதான் என்று அடித்துப் பேசி, விரலர் மூடியை எடுத்து ஓரமாக வைத்தேன். நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டூட்டி இருக்கிறது என்று எழுந்து போனாள். அவளுக்கு ஞாயிறு லீவு. கீழே அவள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, திரும்பத் திறக்கிற சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன், வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஆபரேட்டர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு கட்டம் நகர்ந்து நின்றால் குறைந்தா போய்விடுவார்? தப்பு இன்னார்மேல் என்று யாரையாவது காட்டாவிட்டால் எனக்கு ஆகாதே. மறுபடி நாலு மூடியையும் வைத்துத் தனியாக ஆடிப் பார்த்தேன். விரலர் சாகவில்லை. இன்னொரு முறை ஆடினேன், சாகவில்லை. அப்புறம்தான் என் கையைக் கவனித்தேன். விரலரை ஒரு கட்டம் நகர்த்தியதும், என்னை அறியாமலே மற்ற மூன்று மூடிகளையும் தள்ளி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலையும் நகர்த்தியது ஒரே கை. துணை தானாக வந்து நிற்கும் என்று நம்பித்தான் அவர்களை ஒன்றுவரை இறக்கியிருக்கிறேன்.

ஒன்றை அழித்து நாலு என்று எழுதி, தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன். அவள் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஒரு பாயும் இரண்டு பெட்டியும் இருந்தன, பெட்டிகள் கட்டி வைத்த மாதிரி இருந்தன. தப்பு என்னுடையது, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், இனிமேல் நீ அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டாய் என்று தாளைக் காட்டி மூச்சு விடாமல் சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவில்லை.

"அதுல ஒண்ணுமில்லக்கா" என்றாள். "போன மாசம் நாலு நாளு காய்ச்சல்ல கிடந்தேன். எந்திரிச்சு வெந்நி வைக்க முடியல. மேல கட்டை உருளுத சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒங்களக் கூப்பிடுவமான்னு பாத்தேன். நாலு பேரு சிரிச்சுப் பேசுத மாதிரி கேட்டுச்சு. அவுக வீட்டுக்கு ஆளு வந்திருக்கைல நாம எதுக்குன்னு இருந்துட்டேன்."

கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டேன். "யாரும் வரலம்மா. நான் ஒருத்திதான் நாலு குரல்ல பேசிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாளாம். ஊர்ப் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது, இங்கே தனியாக இருக்க முடியவில்லை என்றாள். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. அதில் பாதி அவளுக்கு நைட் டூட்டி. இரண்டு தடவை கீழே போய் டீ குடித்தேன். ஒரு தடவை அவள் மேலே வந்து, என் அலமாரியைப் பார்த்து, எம்புட்டுத் தூசி என்று என்னை ஏசினாள். விளையாட்டுத் தாளை நான் எடுக்கவில்லை.

கிளம்பும்போது அவள் பெட்டி ஒன்றை நான் தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தேன். ஏறி உட்கார்ந்தவள் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, அந்த விரலருக்கு இப்ப எம்புட்டு?"

"நாலு."

"பக்கத்துல யாரும் நிக்கலன்னாலுமா?"

"நிக்கலன்னாலும் நாலுதான்."

சரி என்பதுபோலத் தலையாட்டினாள். ஆட்டோ போய்விட்டது.

மேலே வந்து தாளை விரித்து நாலு மூடியையும் வைத்தேன். கட்டையை உருட்டினேன், மூன்று விழுந்தது. குன்றர் பேச வேண்டிய முறை. வாயைத் திறந்தேன், கட்டைக்குரல் வரவில்லை, என் குரலும் வரவில்லை. நான் உருட்டிய சத்தம் கீழே காலி வீட்டுக்குள் போய்க் கேட்டிருக்கும். தாளின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, சோடா மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.