என் கணக்கில் அப்பாவின் பெயர்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். வங்கியிலிருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தாள்.

தப்பு எங்கள் ஊர் வலங்கைமானிலேயே நடந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர், "இனிஷியலை முழுசா போடணும்க்கா" என்று குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயரைத் தட்டிவிட்டார். நானும் தலையாட்டினேன். நமக்கேது குடும்பப் பெயர்? பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதானே.

அந்த ஓர் எழுத்தையே பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி வந்தவள் நான். நான் பத்தாவது படிக்கும்போது, இருந்த ஒரு மா நிலத்தையும் அறுப்புக்கு நின்ற நெல்லோடு விற்றுவிட்டு இன்னொருத்தியோடு போன மனுஷன் அவர். அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டுத்தான் என்னை நர்ஸிங் படிக்கவைத்தாள்.

"இது என் பெயரில்லை, என் அப்பாவுடையது" என்றேன்.

"குடும்பப் பெயர் என்றால் அதுதானே" என்றாள் அந்தப் பெண்மணி. பாஸ்போர்ட்டில் இருப்பதை மாற்ற முடியாதாம். கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு வங்கியிலிருந்து வந்த எல்லாத் தபாலிலும் அந்த ஆள்தான்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சொல்லாமலே பணம் அனுப்பினேன். திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சில நாளில் அம்மா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"உங்கப்பா பணம் போட்டிருக்காருடி! பாஸ்புக்குல அவரு பேரு இருக்கு. பேங்க்ல படிச்சுக் காட்டுனாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. குடும்பப் பெயரை முதலில் அச்சடித்ததில் என் பெயருக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

"அவரு இல்லம்மா. நான்தான் அனுப்புனேன்."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"தெரு பூரா சொல்லிட்டேனேடி" என்றாள். பிறகு, சின்னக் குரலில், "அவரு அனுப்புனதாவே இருந்துட்டுப் போகட்டுமே."

சரி என்றேன். அவர்மேல் அருவருப்பு, அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தின்மேல் அருவருப்பு, சரியென்று சொன்ன என் வாயின்மேலும்தான். மாதம் தவறாமல் அனுப்புகிறேன். எங்கள் தெருவில் அவர் இப்போது குடும்பத்தைக் கைவிடாத மனுஷன்.