கை மாறிய எழுத்து

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த மொழிப் பள்ளியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு டீச்சர்தான். காலை வகுப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். மாலையில் வருபவர்கள் வேலை முடிந்து அசதியோடு வருபவர்கள். ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்த நர்சுகள், இரண்டு மெக்கானிக்குகள், ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். வயதில் மூத்தவர் என்பதால் அவரை எல்லோரும் 'அண்ணே' என்றே கூப்பிட்டார்கள்.

டீச்சர் இடது கைக்காரி. போர்டில் எழுதும்போது எழுதிய கோட்டை அவள் கையே மறைக்கும், மிச்சத்தை முதுகு மறைக்கும். ஜப்பானிய எழுத்தில் எந்தக் கோடு முதலில் வரும், எந்தப் பக்கம் இழுப்பது என்பதுதான் உயிர்நாடி.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர், ஒண்ணுமே தெரியல" என்று தினமும் யாராவது கத்துவார்கள். அவள் தள்ளுவாள், குனிவாள், வளைவாள். வகுப்பு முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் பொறுமை போய், இணையத்தில் எழுத்துப் பயிற்சி வீடியோக்களைத் தேடி எடுத்துத் திரையில் ஓடவிட்டாள். கை சும்மா இருந்ததும் கால் நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவர்கள் கைகளைப் பார்த்தாள். ஒரு நர்ஸ் பென்சிலைத் தெர்மாமீட்டர் போலப் பிடித்திருந்தாள். அண்ணன் ஒவ்வொரு கோட்டையும் கீழேயிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று அவளுக்குப் பகீரென்றது.

ஆனால் அந்த வீடியோக்களோடு மாரடிக்க முடியவில்லை. நடுவில் ஷாம்பு விளம்பரம் வரும். நெட் போனால் வட்டம் சுற்றும். கடைசியில் இரண்டு ஸ்டூலுக்கு மேலே பலகை வைத்து, அதில் போனைக் கட்டி, கீழே வெள்ளைத் தாளில் தானே எழுதிப் படம் பிடித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கமும் சொன்னாள்.

பள்ளியின் முதலாளி பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

"பிரமாதம் டீச்சர்! வீடியோவே இவ்வளவு சொல்லிக்கொடுக்குதே. புதுசா சேர்ந்த சாயங்கால பேட்ச்சுக்கு எழுத்து முடியுற வரைக்கும் நீங்க எதுக்கு அலையணும்? வீட்ல ரெஸ்ட் எடுங்க. இலக்கணத்துக்கு வந்தா போதும்."

தான் வெட்டிய குழியில் தானே விழுந்தது அவளுக்குப் புரிந்தது. எழுத்து இன்னும் கைவராததால் அண்ணனும் நர்சுகளும் மெக்கானிக்குகளும் அந்தப் புதிய பேட்ச்சில் மறுபடி ஆரம்பத்திலிருந்து உட்கார வைக்கப்பட்டார்கள்.

வீட்டில் மாலை நேரம் அவளைப் பிறாண்டியது. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். அலமாரியைக் கலைத்து அடுக்கினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர், தேடிய சட்டை கிடைக்காமல் நாலு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"ஒரு நடை போயிட்டு வந்துடேன். இல்லன்னா இந்த வீட்டையே பிரிச்சு மேஞ்சிடுவ."

"கூப்பிடாம எப்படிங்க போறது?"

"இவ்வளவு நாள் கூப்பிட்டா போன? போ, போ."

போனாள். வகுப்பின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே புல்லாங்குழல் ஓசை. அவள் பேச்சை எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். திரையில் ஒரு வலது கை எழுதிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் அவளுடைய மோதிரம். மணிக்கட்டில், சின்ன வயதில் எண்ணெய் தெறித்துச் சுட்ட அவளுடைய தழும்பு. டீச்சர் தன் இரண்டு கைகளையும் தூக்கி மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகுதான் எழுத்தைப் பார்த்தாள். எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தன. ஜப்பானிய மொழியில் 'ஸ' எழுத்தைத் திருப்பினால் கிட்டத்தட்ட 'ச்சி' வந்துவிடும். வகுப்பு முழுவதும் 'ஸ' என்று சொல்லிக்கொண்டே 'ச்சி' எழுதிக்கொண்டிருந்தது.

"புத்தகத்தில வேற மாதிரி இருக்கே, யாருமே பார்க்கலையா?" உள்ளே போய்க் கேட்டாள்.

"பார்த்தோம் டீச்சர்" என்றார் அண்ணன். "அச்சு வேற, கையெழுத்து வேறன்னு முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள்தான். சில எழுத்துகளுக்கு அது உண்மையும்கூட.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "இடது கை பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு டீச்சர். ஒரு பட்டனைத் தட்டினேன், சோத்துக் கையா மாறிடுச்சு!"

"கை மட்டும் மாறல சார். எழுத்தும் சேர்ந்து மாறிடுச்சு."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "பரீட்சையில கையால எழுதவா போறாங்க? சரியான விடைக்கு வட்டத்தை நிரப்பினா போதுமே."

அண்ணன் எழுந்து நின்றார். "அங்க போய் எந்தப் பெரியவருக்கு என்ன மாத்திரை குடுத்தோம்னு நாங்கதான் சார் எழுதி வைக்கணும். நான் கண்ணாடி எழுத்துல எழுதி வெச்சா அவர் கதி என்னாகும்?"

நர்சுகள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் புல்லாங்குழலை நிறுத்துவதில் மும்முரமாக இருந்தார்.

"நாளையிலேர்ந்து நீங்களே வந்துடுங்க டீச்சர்" என்றார் கடைசியில்.

"வரேன் சார். வீடியோவும் இருக்கும். ஆனா அதுல நீங்க கை வைக்கக்கூடாது."

சொன்னது எளிது, திருத்தியது எளிதாக இல்லை. கை ஒருமுறை பழகிவிட்டால் மூளை சொல்வதைக் கேட்பதில்லை. பேச்சும் இடது கையும் இருந்த பழைய வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தினாள். காற்றில் எழுதச் சொன்னாள். வரிசைகளுக்குள் நடந்தாள், ஓடினாள், தன்னை அறியாமல் ஒரு நர்சின் பென்சிலைப் பிடுங்கினாள்.

"பழசை மறக்குறதா, புதுசைப் படிக்கிறதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க டீச்சர்!" என்று அந்த நர்ஸ் அழாத குறையாகச் சொன்னாள். மெக்கானிக்குகளில் ஒருவர் இது சரிப்படாது என்று வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மறுநாள் டீச்சர் அந்த நர்சிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வீடியோவைப் போட்டாள்.

மெதுவாகக் கைகள் திரும்பின. அண்ணனுக்கு மட்டும் அந்த 'ஸ' எழுத்து கடைசிவரை தகராறு செய்தது. குறுக்குக்கோட்டைப் போட்டுவிட்டு, பென்சில் அந்தரத்தில் நிற்கும். பக்கத்தில் டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். சொல்லிவிடலாம் என்று வாய் துடிக்கும், சொல்லமாட்டாள்.

ஒருநாள் பென்சில் இறங்கியது. சரியான பக்கம் வளைந்தது.

"அடுத்த எழுத்தைப் போடுங்க டீச்சர்" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.