மயிலுக்குள் போன கல்யாணம்

என் தம்பி சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். இப்போது மண்டபத்துக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு, எடுத்ததையெல்லாம் போனுக்கு லிங்க்காக அனுப்பிவிடுகிறான். அதற்கு முன்னால் பல வருஷம் எல்லாக் கல்யாணத்தையும் டிஸ்க்கில் போட்டுத்தான் கொடுத்தான். கொடுத்தான் என்பதைவிடக் கொடுக்கப் பார்த்தான் என்று சொல்லலாம். ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போக ஓடி வருகிறவர்கள் டிஸ்க்கை வாங்க வருவதில்லை. அப்படி யாரும் வந்து கேட்காத கல்யாணங்கள் அவனுடைய ஸ்டுடியோவின் பின்னறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

ஸ்டுடியோவுக்கு ஏசி போட்டபோது பின்னறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பழைய சாமான் எடுப்பவர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இரும்புன்னா எடுப்பேன், பிளாஸ்டிக்னா எடுப்பேன். இது என்னான்னே தெரியலயே சார்" என்று தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தற்செயலாக அங்கே போயிருந்தேன். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எதையாவது வெட்டி எதன் மேலாவது ஒட்டாமல் எனக்குப் பொழுது போகாது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு டிஸ்க்கை எடுத்து வெயிலில் காட்டினேன். தம்பியின் புதுச் சுவரில் ஏழு நிறமும் வழிந்தன.

"இதெல்லாம் எனக்கு வேணும்" என்றேன்.

"எடுத்துனு போ அக்கா. ஆனா திருப்பிக் கொண்டாந்துடாத."

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் மூட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது?"

"கல்யாணங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யாரு கல்யாணமா இருந்தாலும் லக்கேஜ் டிக்கெட் உண்டு" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவருக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை. மூட்டைகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் நான் வெட்ட ஆரம்பித்து, டிஸ்க் பொடிந்து, வெள்ளிப் பூச்சு அப்பளம்போல உரிந்து வந்தபோது அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டில் எந்தக் காரியத்திலும் தலையிடாத மனுஷர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுடுதண்ணில போட்டு எடு. கொஞ்சம் இளகும். சூடு ஆறுறதுக்குள்ள வெட்டு."

அப்படியே செய்தேன். கத்தரிக்கோல் துணியில் போவதுபோலப் போயிற்று. அதிலிருந்து எங்கள் அடுப்பில் சாதம் வடித்ததும் அடுத்த பாத்திரம் டிஸ்க் வேகிற பாத்திரம்தான். ஒருநாள் அவர் மூடியைத் திறந்து, "இன்னைக்கு என்னா கொழம்பு?" என்றார். உள்ளே பார்த்துச் சொன்னேன்: "பரங்கிப்பேட்டைக் கல்யாணம்."

ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் தம்பி ஊர்ப் பெயரையும் ஒன்று, இரண்டு என்று நம்பரையும் மட்டும் மார்க்கரால் எழுதியிருந்தான். ஆள் யாரென்று சில கல்யாணங்களில் எனக்கே தெரியும், நானே போய் மொய் எழுதியவை. ஒரு கல்யாணத்தில் எங்களைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, இது மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வரிசை என்று எழுப்பிவிட்டார்கள். அந்த டிஸ்க் கையில் கிடைத்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதைத் தனியாக எடுத்துவைத்து, பூந்தொட்டிக்கு அடியில், தண்ணீர் ஒழுகித் தேங்குகிற இடத்தில் ஒட்டினேன்.

கண்ணாடிக்குச் சட்டம், பூந்தொட்டி, சுவர்க் கடிகாரம் என்று வரிசையாகச் செய்தேன். துண்டுகளை எழுத்துள்ள பக்கம் கீழே போகும்படி ஒட்டி, இடுக்குகளில் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் பூசும் கறுப்புப் பொடியைக் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் துடைத்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கண் சிமிட்டும். காலை வெயில் ஜன்னல் வழியாக வந்ததும் எங்கள் கூடம் மட்டுமல்ல, எதிர்வீட்டு மாடியும் நிறம் மாறும். எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்த வந்து, வெள்ளை வேட்டியில் பச்சையும் ஊதாவும் ஓடுவதைப் பார்த்துத் திரும்பவும் அலசப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ஆசை வந்து ஒரு பெரிய பிளைவுட் பலகையில் மயில் செய்தேன். தோகை அருமையாக அமைந்துவிட்டது. கழுத்துதான் குட்டையாகப் போய்விட்டது, கால் ஒன்று பருத்துவிட்டது. கணவர் டியூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே பார்த்தார்.

"கோழி நல்லாருக்கு" என்றார்.

அன்றிலிருந்து அந்த மயிலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். ஆனாலும் கூடத்தில் டிவிக்கு மேலேயே மாட்டிவைத்தேன். இறக்கினால் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, கீரப்பாளையத்துலேர்ந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. அவுங்க கல்யாண சிடி வேணுமாம். உன்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன். கெளம்பிட்டாங்க."

"எந்த வருஷத்துக் கல்யாணம்டா?"

"அவுங்க பொண்ணு இப்ப காலேஜ் போவுது."

"இத்தினி வருஷம் கழிச்சு எதுக்காம்?"

"சண்டைக்கு. தாலி கட்டும்போது மாப்ள அழுதாரான்னு பாக்கணுமாம். வெட்டிட்டியா அக்கா?"

போனை வைத்துவிட்டு மூட்டையைத் தரையில் கவிழ்த்தேன். கணவரும் உட்கார்ந்து தேடினார். கீரப்பாளையம் இரண்டாவது டிஸ்க் முழுசாக இருந்தது. ஒன்றாவது டிஸ்க் இல்லை. முகூர்த்தம் இருப்பது அதில்தான். அது கண்ணாடிச் சட்டத்தில் இருக்கலாம், கடிகாரத்தில் இருக்கலாம், எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பெயர் எழுதிய பக்கம் பசைக்குள் இருக்கிறது.

"என்னா சொல்லப்போற?" என்றார் கணவர்.

நான் டிவிக்கு மேலே பார்த்தேன்.

அவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அவர் நெல் அறுக்கும் மிஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவராம். முறுக்கிய மீசை. அந்த அம்மாள் அங்கன்வாடியில் வேலை. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. ஊருக்கே தெரியும் இவரு தாலி கட்டும்போது தேம்பித் தேம்பி அழுதாரு. கேட்டா இல்லேங்குறாரு. நேத்து பொண்ணு முன்னாடியே என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாரு."

"ஹோமப் பொக மேடம்" என்றார் அவர். "ஐயரு நெய்ய ஜாஸ்தியா ஊத்திட்டாரு. கண்ணு கலங்குச்சி. அதப் போயி அழுதேன்னா?"

இரண்டாவது டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது, முதலில் இதைப் பார்ப்போம் என்றேன். என் மகன் காலேஜ் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று அலமாரிக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடந்தது. டிஸ்க் வைக்கிற தட்டு வெளியே வர மறுத்தது. கணவர் கையை நீட்டினார். நான் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சின்ன ஓட்டைக்குள் விட்டு அழுத்தியதும் தட்டு மெதுவாக வெளியே வந்தது.

தாமரை ஒன்று சுழன்று சுழன்று வந்து விரிந்தது. உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும். நாலாபக்கமும் இதயங்கள் பறந்தன. தம்பியின் கைவண்ணம். அப்புறம் பந்தி. கண் கூசும் விளக்கோடு கேமரா வரிசையாக நகர, சாப்பிடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மணமக்கள் இலைக்கு வந்ததும் தம்பியின் குரல் கேட்டது: "அண்ணே, பொண்ணுக்கு ஊட்டுங்க. இங்க பாத்து ஊட்டுங்க." மீசை இல்லாத ஒரு ஒல்லிப் பையன் ஜாங்கிரியைப் பிய்த்து ஊட்டினான். பெண் தலையைக் குனிந்துகொண்டது. கேமரா பக்கத்து இலைக்கு நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் அது நடந்தது. படத்தின் ஓரத்தில், குனிந்த தலை நிமிராமலேயே, பெண்ணின் கை அவன் இலைக்குப் போய் மிச்ச ஜாங்கிரியை எடுத்தது. அவன் பார்த்தான். அந்தப் பக்கம் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார்கள். அவன் தன் இடது கையைப் பந்தி மேசையில் ஊன்றி அம்மாவுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, வலது கையால் வடையையும் அவள் இலைக்குத் தள்ளிவிட்டான்.

கணவர் அதையே திரும்ப ஓட்டினார். திரும்பவும் வடை இலை மாறியது.

"காலையிலேர்ந்து எனக்கு ஒரு வாய் காப்பி யாரும் குடுக்கல" என்றார் அந்த அம்மாள், யாரிடம் என்றில்லாமல்.

"தெரியும்" என்றார் அவர். "மேடையிலயே உன் வயிறு கத்துச்சி. நாதஸ்வரத்தையும் மீறி கேட்டுது."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சண்டை முடிந்தது என்று நினைத்தேன். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "மொதல் டிஸ்க்கு எங்கக்கா?" என்றார்.

நான் மயிலைக் காட்டினேன்.

இரண்டு பேரும் எழுந்து போய் அண்ணாந்து பார்த்தார்கள். கைவேலைக்காக வெட்டியது, யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று தம்பி கொடுத்தது, இந்தத் தோகையில்தான் எங்கேயோ இருக்கிறது என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோழியா மேடம்?" என்றார். என் கணவர் இருமினார்.

"மயிலுங்க" என்றேன். "உங்க கல்யாணம் உள்ள இருக்கு. நீங்களே எடுத்துனு போங்க."

அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கணவர் நாற்காலி போட்டு அதை இறக்கிக் கொடுத்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த அம்மாள் உள்ளே கை கழுவப்போன சமயத்தில், மீசைக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்தத் துண்டெல்லாம் திரும்ப ஒட்டி ஓட்டிப் பாக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"எந்த மிஷின்லயும்?"

"எந்த மிஷின்லயும் முடியாது."

"அப்ப சரி" என்றார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு வண்டியை எடுக்க வெளியே போனார்.

நான் சமையலறைக்குள் போனதும் அந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு என் காதருகே வந்தார். "அக்கா, அது இனிமே ஓடாதில்ல?"

"ஓடாது."

"நல்லதாப் போச்சி. அவரு அழுதத நான் எங்க பாத்தேன்? குனிஞ்ச தலை நிமிரவே இல்ல நானு. என் தங்கச்சிதான் வந்து சொன்னா. அவ பேச்ச நம்பி இத்தினி வருஷமா பேசிக்கினு இருக்கேன்."

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மயிலை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் தோகையிலிருந்து தெறித்த வெளிச்சம் இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் ஓடிக்கொண்டே போனது. டீக்கடையில் நின்றவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

"மயில்லதான் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கணவர்.

"தெரியாது" என்றேன். "கண்ணாடிச் சட்டத்துலயும் இருக்கலாம். கண்ணாடி நல்லா வந்திருக்கு, அதை யாரு குடுப்பா?"

அவர் சிரித்த சிரிப்பில் அன்று டியூட்டிக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கீரப்பாளையத்தில் அவர்கள் மயிலை வாசல் கதவுக்கு எதிரே மாட்டிவிட்டார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும், இதில்தான் எங்கள் கல்யாணம் இருக்கிறது என்று காட்டுகிறார்களாம். அவர் அழுத துண்டு என்று அந்த அம்மாள் தோகையின் நடுவில் ஒன்றைக் காட்டுவாராம். அது புகை என்று அவர் சொல்வாராம். தம்பிக்கு போன் மேல் போன். டிஸ்க்கை வாங்கவே வராத ஜனங்கள், எங்கள் கல்யாணத்தையும் உங்கள் அக்காவிடம் சொல்லி எதிலாவது ஒட்டித்தரச் சொல்லுங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு விடுமுறை நாள் என்பதே இல்லாமல் போயிற்று. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் சலாம் சொல்லி, பிரியாணியும் கொண்டுவந்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பக் கப்பல் ஒன்று செய்து வாங்கிப்போனார்கள்.

போன வாரம் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பையிலிருந்து டிஸ்க் ஒன்றை எடுத்து, இரண்டு விரல் நுனியால் பிடித்து என் முன்னால் வைத்தார். சூடான பாத்திரம் வைக்கிற மாதிரி ஒரு பலகை செய்து தரவேண்டும் என்றார்.

"கல்யாணத்தப் போயி சூட்டுல வைக்கிறீங்களே" என்றேன்.

"இதுல எங்க வீட்டுக்காரரு பால் பாயசம் வரலேன்னு எங்கப்பாகிட்ட கோவிச்சிக்கிட்டு பந்தியிலேர்ந்து எழுந்து போறது இருக்குங்க. தினம் அது மேலதான் கொழம்பு வச்சி அவருக்கு சோறு போடப்போறேன். அவருக்குத் தெரியவேணாம்."

எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"எந்த அளவுல வெட்டட்டும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்களால எவ்ளோ பொடியா முடியுமோ அவ்ளோ பொடியா வெட்டுங்கக்கா" என்று நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, பார்ப்பதற்கு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.