கிள்ளான் சர்வர் மீது நான் எழுதிய அறிக்கை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கணினித் துறைக்குப் புதிதாக வருவோர் அறிய வேண்டிய என் பிழை ஒன்றை இங்கு எழுதுகிறேன். நான் கல்லூரியில் படித்தவனல்லன். கையேடுகளைப் படித்தே தொழில் கற்றேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் சர்வர்களைப் பராமரித்து வந்தேன். பிரிக்பீல்ட்ஸ் தலைமையகத்தில் ஒரு சர்வர். துறைமுக நகரான கிள்ளான் கிளையில் ஒன்று. இரண்டிலும் ஜாவா மொழியில் எழுதிய செயலி ஓடியது. பிரிக்பீல்ட்ஸில் பதியும் சரக்குப் பத்திரத்தைக் கிள்ளான் சரிபார்த்துத் திருப்பி அனுப்பும். இது தாமதமாகிறது என்று புகார் எழுந்தது. ஆகவே, ஒவ்வொரு வேலையும் தொடங்கி முடியும் நேரத்தைக் குறிக்கும் ஏஜெண்ட் என்னும் சிறு நிரலை இரு சர்வர்களிலும் பொருத்தினேன். கிள்ளான் முடித்த நேரத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிய நேரத்தைக் கழித்தேன். ஐந்து நிமிடத்திற்கு மேல் வந்தது. தாமதம் கிள்ளானில்தான் என்று அப்படியே எழுதிக் கையொப்பமிட்டேன்.

மேலாளர் அதைப் படித்தார். "கிளியரா இருக்கு லா. கிள்ளான் புரோகிராம் எழுதினது லெட்சுமிதானே? அவங்கள வேலையில கன்ஃபார்ம் பண்ண முடியாது."

லெட்சுமி அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தார். மறுநாள் காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, பிரிக்பீல்ட்ஸ்ல ஸ்கிரீன் முன்னால எவ்வளவு நேரம் காத்திருக்காங்க?"

"ஒரு நிமிஷம் இருக்கும்மா."

"அப்போ நீங்க எழுதின அஞ்சு நிமிஷத்துல மிச்ச நாலு நிமிஷம் யாருண்ணே காத்திருந்தா? பேயா?"

அன்றே கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளான் சென்றேன். அங்கே சர்வரின் நேரம் என் கைக்கடிகாரத்தைவிட ஐந்து நிமிடம் முந்தியிருந்தது. ஆவணப் பிரிவின் மூத்த குமாஸ்தா சிரித்தார்.

"போர்ட் கவுண்டர் மூடிட்டா நம்ம லோரி மறுநாள் வரைக்கும் நிக்கும், பாஸ். அதான் லேட்டாகக் கூடாதுன்னு சுவர்க் கடிகாரம், சர்வர் எல்லாத்தையும் அஞ்சு நிமிஷம் முன்னால தள்ளி வெச்சிருக்கோம். இங்க எல்லாருக்கும் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

அளக்குமுன் நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. கடிகாரங்களை ஒன்றாக்கி மீண்டும் அளந்தேன். கிள்ளான் சில வினாடிகளில் வேலையை முடித்தது. தாமதம் என் பொறுப்பிலிருந்த பிரிக்பீல்ட்ஸ் சர்வரில்தான் இருந்தது. நான் ஒதுக்கிய நினைவகம் போதாமல் ஜாவா நின்று நின்று ஓடியது. இதை இரண்டாவது அறிக்கையாக எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்.

"அப்போ தப்பு உங்களோடதா?" என்றார் மேலாளர்.

"ஆமாம், பாஸ்."

லெட்சுமியின் பணி நிரந்தரமாயிற்று. முதல் அறிக்கையை நான் கிழிக்க முற்பட்டபோது அவர் தடுத்தார். "கிழிக்காதீங்கண்ணே. ரெண்டையும் ஒரே ஃபைல்ல வைங்க. அடுத்து வர்றவங்க படிக்கட்டும்."

ஏஜெண்ட் பொருத்துமுன் எல்லா இயந்திரங்களின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒருவருடைய பிழைப்பைத் தொடும் எண்ணை, அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். இக்குறிப்பைப் பாதுகாத்து வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.