மடிப்புக் கலையாத புடவை

நான் ஒரு சந்தேகப் பிராணி. புதுச்சேரி கோர்ட்டில் பெண்களுக்காகச் சொத்தில் பங்கு கேட்டு நின்ற முதல் பொம்பளை வக்கீல் என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பெருமை இருக்கட்டும், எனக்குச் சோறு போட்டது சந்தேகம்தான்.

மடிப்புக் கலையாத புதுப் புடவையில் ஒருத்தி, அண்ணனோ தம்பியோ பின்னால் வர, என் ஆபீஸ் படி ஏறினால் போதும், எனக்கு மூக்கு வேர்த்துவிடும். பிறந்த வீட்டில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுத வந்திருக்கிறார்கள். புடவை அதற்கான விலை. கூட வந்தவனை ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பிவிடுவேன். மெஷின் என் ஆபீஸிலேயே இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருப்பேன். அவன் தலை மறைந்ததும் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: "உனக்கு வேணுமா, வேணாமா?"

பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். குருசுக்குப்பத்து மீனவப் பெண்களிடமும், எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனிப் பெண்களிடமும் கூட்டம் போட்டு இதைத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். இந்த ஜெராக்ஸ் தந்திரத்தைச் சொன்னால் என் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறவன் அவன்.

போன மாதம் அம்மாவின் திவசம். அரியாங்குப்பத்தில், மில் வேலை பார்த்து அப்பா கட்டிய வீட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது. படையலில் ஒரு பட்டுப்புடவை வைத்திருந்தான். அம்மாவுக்கு வைத்தது, நீதான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றான். இத்தனை வருடமாக இல்லாத பட்டு இந்த வருடம் எங்கிருந்து வந்தது? எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் புடவையைத் தூக்கி அடியில் பார்த்தேன். பேப்பர் எதுவும் இல்லை. எனக்கே அசிங்கமாகிவிட்டது. அம்மா படத்துக்கு முன்னால் செய்கிற வேலையா இது? கட்டிக்கொண்டேன். கண் கலங்கியது.

சாப்பிட்டு வெற்றிலை போடும்போது, அலமாரியிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து வந்தான்.

"சும்மா ஒரு கையெழுத்துக்கா. நீ என்ன பங்கு கேக்கவா போற?"

அடப்பாவி என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி என் கார்டை நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான்.

"எங்கிட்டயேவாக்கா?"

ஆனாலும் போனான். அறையில் நானும் அம்மா படமும் மட்டும். உனக்கு வேணுமா, வேணாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கிழவியாகப் போகிற வயதில் எனக்கு எதற்கு வீடு, பேசாமல் கையெழுத்துப் போட்டுத் தொலை என்று ஒரு மனசு சொன்னது. என்னிடம் வந்த எல்லாப் பெண்களும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். நானும் அழுதேன்.

அவன் வந்ததும் சொன்னேன். "போட மாட்டன்டா. எனக்கு வேணும்."

அவன் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு, நான் கட்டியிருந்த புடவையை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

நான்கு ஞாயிறு போய்விட்டது. மீன் வரவில்லை. புடவையை மடித்து வைத்திருக்கிறேன். தம்பி வேணுமா, வேணாமா என்று நான் அன்றைக்கு என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.