நடக்க மறுத்த அம்பலவாணர்

இலங்கையில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற அம்பலவாணர், 1976இல் மகளோடு வாழ ஆஸ்திரேலியாவின் வென்ட்வேர்த்வில்லுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து உட்கார்ந்த கதிரையே கதி. கீழே விழுந்த பேப்பரைக்கூட மனைவி பூரணம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகம் பலவீனமாகிறது, தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“நடக்கிறது பியோன்மாரின்ர வேலை,” என்றார் இவர்.

“அப்ப இருங்கோ. நான் போட்டு வாறன்,” என்று பூரணம் தனியே ஸ்டேஷன்வரை நடக்கத் தொடங்கினாள். அந்த நேரத்தில் தேநீர் வேண்டுமென்றால் அவரே குசினிக்குப் போகவேண்டி வந்தது. அந்தப் பன்னிரண்டு அடியைத்தான், “நான் தினமும் நடக்கிறன்” என்று டாக்டரிடம் கூசாமல் அளந்தார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் இன்னும் மோசமாகியிருந்தது.

“இந்த நாட்டுத் தண்ணி சரியில்லை,” என்றார் அம்பலவாணர்.

பூரணம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.